எங்கள் குடும்பத்தில் சதி இல்லை

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளின் கட்டுரை நோட்டைப் போன வாரம் எதற்கோ எடுத்துப் பிரித்தேன். தலைப்பு ‘என் குடும்பம்’. எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுதான். எங்கள் வீட்டில் ஐந்து பேர், அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அண்ணன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறார். அதற்குக் கீழே இன்னும் மூன்று வாக்கியம். ‘என் பாட்டி மிகவும் நல்லவர். என் அம்மா அவரைக் கொடுமைப்படுத்துவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சதி செய்வதில்லை.’

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதனால் ஆசிரியை சிவப்பு மையில் சரி போட்டு ‘நன்று’ என்று எழுதியிருந்தார். எனக்குத்தான் நோட்டை மூடி வைக்க மனசு வரவில்லை. ‘கொடுமைப்படுத்துவதில்லை’யில் ‘ப்’ எங்கே வரும் என்று பெரியவர்களே தடுமாறுவார்கள், இவள் கரெக்டாகப் போட்டிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அது எங்கள் முன்கூடத்துச் சுவரிலிருந்து வருகிறது.

மலேசியாவில் நாங்கள் இருக்கும் செடெனாக் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கூலாயைத் தாண்டி வடக்கே வந்தால் எங்கள் ஊர்ச் சுங்கச்சாவடி. சுற்றிலும் செம்பனை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆலை வாடை. இப்போது புதிதாகத் தரவு மையங்கள். நேற்றுவரை செம்பனை நின்ற மண்ணில் ஜன்னலே இல்லாத பிரம்மாண்டமான கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. உலகத்தில் ஆட்கள் கைப்பேசியில் பார்க்கிற வீடியோவெல்லாம் இந்த மாதிரிக் கட்டடங்களுக்குள்தான் இருக்குமாம், மகன் சொல்கிறான். இருக்கட்டும். அத்தனை படமும் பக்கத்திலேயே வந்து குடியிருந்தும், சாயங்காலம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க ஒரு அரை மணி நேரத்துக்கு வழியில்லை என்பதுதான் என் பிராது.

ஒரு வாரம் சும்மா இருக்க முடியாமல் ஒரு கணக்கு எடுத்தேன். மின்சார பில்லின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் போட்டு எண்ணினேன். திங்கள் முதல் வெள்ளி வரை, எங்கள் வீட்டில் ஓடும் மூன்று குடும்பத் தொடர்கள். பேர் சொல்லப் போவதில்லை. மூன்றையும் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. அந்த ஐந்து நாளில் சோறு பரிமாறியது பதினொரு தடவை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியது ஒரே ஒரு தடவை. அதுவும் படுக்கையில் கிடந்த பெரியவர். அவருக்கு ஊட்டியவள்தான் மருந்தை மாற்றி வைத்தவள்.

மற்ற பத்திலும் என்ன நடக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தட்டு வைத்ததும் ஒருத்தர் கேள்வி கேட்பார். ஒருத்தர் தட்டைத் தள்ளிவிட்டு எழுவார். சோறு தரையில் சிதறும். கேமரா போய் அந்தச் சோற்றைப் பார்க்கும், பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்க்கும். எனக்கு அந்தச் சோற்றைப் பார்த்தாலே வயிறு எரியும். அதை யார் கூட்டி அள்ளினார்கள் என்று ஒரு நாளும் காட்டியதில்லை. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சமைக்கிறவளுக்குத் தெரியும், அது எத்தனை நேரத்து வேலை என்று.

இதில் இன்னொரு வேடிக்கை. நாயகன் கையில் கிளாஸை எடுத்தால் போதும், திரையின் அடியில் மது உடல்நலத்துக்குக் கேடு என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பாலில் விஷம் கலக்கும்போது எந்த வரியும் வருவதில்லை. சினிமாவில் முத்தம் வந்தால் எங்கள் நாட்டுத் தணிக்கை கத்தரிக்கோலோடு தயாராக நிற்கும். மாமியாரை மாடிப்படியில் உருட்டிவிடுவதற்குக் கத்தரி கிடையாது, அது குடும்பக் கதை.

மகள் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. முன்கூடம், இரண்டு அறை, அடுப்படி, அவ்வளவுதான் வீடு. முன்கூடத்தில் டிவி ஓடினால் அடுப்படியில் இருக்கிற நானே வசனம் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டுதான் கிளறுகிறேன். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது அந்த டிவிக்கு முன்னால் இருக்கிற தாழ்வான மேசையில். போன மாதம் ஒரு நாள் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மை கதவு மாதிரி நிறுத்திவைத்த பென்சில் பெட்டிக்குப் பின்னால் நின்றது.

“இவங்க யாருடா, மருமகளா?” என்றேன்.

“இல்லம்மா. இவங்க ஒட்டுக் கேக்கறவங்க.”

அது ஒரு உறவுமுறை போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சித்தி, அத்தை, பெரியம்மா, ஒட்டுக் கேட்கிறவங்க.

ரிமோட் என் மாமியாரிடம் இருக்கிறது. இதைச் சொன்னதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். நானும் அப்படித்தான் ஒரு நாள் வாயைத் திறந்தேன். “அத்தை, பிள்ளை பக்கத்துல இருக்கு. இந்த மாதிரி எல்லாம் பார்க்கணுமா?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏம்மா, என் மாமியா எனக்குப் பண்ணத விடவா இதுல காட்டறான்?”

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? பதினேழு வயதில் கல்யாணமாகி தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவர். விடிகாலை நாலு மணிக்குப் பால்மரம் வெட்டப் போய்விட்டு வந்து, பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிட்டவர். அவருக்கு அந்தத் தொடர் மிகையாகத் தெரியவில்லை. யாரோ சாட்சி சொல்வது மாதிரித் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “காலைல நீங்கள்லாம் போயிட்டா எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? இவளுங்கதான்.” நான் பேசாமல் போய்க் குழம்பை இறக்கினேன்.

அவரிடம் தோட்டத்துக் கதை கேட்டால் டிவியை மறந்துவிடுவார். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி, எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுற்றுவாராம். எங்கள் அத்தை சின்ன வயதில் ரொம்ப நாள் அவர் இடது கைக்காரர் என்றே நினைத்திருக்கிறார். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர இன்னும் பல வருடம் ஆனது. தமிழ்ப் படம் போடுகிற நாளில் மொத்த லயமும் பாயோடு போய்விடும். அழுகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக அழுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எந்தத் தொடர் பார்க்கும்போதும் இருந்ததில்லை.

நான் ஒன்றும் தொடரே பார்க்காத உத்தமி கிடையாது. ராதிகாவின் ‘சித்தி’ 1999-ல் ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்துக்காக எங்கள் அம்மா அழுததைப் பார்த்து வளர்ந்தவள். ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் ஆரம்பித்ததிலிருந்து விடாமல் பார்த்தேன். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி இறந்துபோனார். செய்தி கைப்பேசியில் வந்தபோது நான் தொழிற்சாலை பஸ்ஸில் இருந்தேன். அத்தனை நாள் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டியவள், அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு மலாய்க்கார அக்கா யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னால் சிரிப்பார் என்று தலைவலி என்றேன்.

அந்தத் தொடரில் கெட்டது இல்லையா? படித்த பெண்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற ஆணவம்தான் கதையே. ஆனால் அதைப் பார்த்துவிட்டு என் மகள், “ஏன்மா அவங்க வெளிய வேலைக்குப் போகக் கூடாது?” என்று கேட்டாள். அன்று ராத்திரி தூங்கும்வரை பேசினோம். தன் பாட்டி ஏன் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை என்பது வரைக்கும் பேச்சு போனது. கெடுதலைக் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டினால் பிள்ளை ஒரு கேள்வி கேட்கிற மாதிரி காட்டுங்கள். இப்போது ஓடுகிற மூன்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்கிற ஒரே கேள்வி, “நாளைக்கு மாட்டிக்குவாங்களா?” மாட்டிக்கொள்ள மாட்டார்கள். தீபாவளி வரைக்கும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

சேர்ந்து சாப்பிட்ட குடும்பம் ஒன்று வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’. 2018-ல் ஆரம்பித்த அந்த அண்ணன் தம்பி வீட்டில் சோறு வயிற்றுக்குள் போனது. அத்தைக்கும் எனக்கும் சண்டை இல்லாத நேரம் அது.

ஆனால் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து சிரித்துப் பார்த்தது என்றால் அது ‘குக்கு வித் கோமாளி’ என்ற சமையல் நிகழ்ச்சிதான். இரண்டாவது சீசன். கொரோனாவுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம். ஜோகூர் சிங்கப்பூர்ப் பாலம் மூடிக் கிடந்தது, என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். வேலையை விட்டால் போச்சு, வந்தால் திரும்பப் போக முடியாது. வாரக் கடைசியில் அவருக்கு வீடியோ கால் போட்டு, கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து டிவியைப் பார்த்தாற்போல் வைத்துவிடுவோம். அவருக்குப் படம் சரியாகத் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். நாங்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டு அவரும் சிரிப்பார், ஒரு விநாடி தாமதமாக. மகளுக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகவில்லை. கோமாளி கேரட்டைக் கீழே போட்டால் இவள் கைப்பேசியிடம் ஓடி “ப்பா, போட்டுட்டாங்க!” என்று செய்தி சொல்லுவாள். எனக்குத் தெரிந்து குடும்ப நிகழ்ச்சி என்றால் அதுதான். அது நல்ல நிகழ்ச்சியா, தரமான நகைச்சுவையா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். சில நாள் உருவத்தைக் கிண்டல் பண்ணினார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாரும் யாரையும் அழிக்கக் கிளம்பவில்லை. சமைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள்.

அதற்கும் கண் பட்டது. 2024-ல் நடுவர் வெங்கடேஷ் பட் அங்கிருந்து கிளம்பி சன் டிவியில் ‘டாப் குக்கு டூப் குக்கு’ என்று வேறு அடுப்பு மூட்டினார். “சமையல்ல கூட பாகப்பிரிவினையா!” என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் மகன் இந்தச் சண்டை எதிலும் இல்லை. பதினான்கு வயது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஜப்பான்காரன் கார்ட்டூனை மலாய் எழுத்தோடு பார்க்கிறான். கூப்பிட்டால், “அது பாட்டி சேனல்மா” என்கிறான். எனக்கு அடி வயிற்றில் பயம் வருவது இங்கேதான். இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளியைத் தாண்டிவிட்டால் ஒரு பிள்ளையின் காதில் விழுகிற தமிழ் எவ்வளவு? வீட்டில் நாங்கள் பேசுவது, மின்னல் எஃப்.எம்., கோயில், பிறகு இந்த டிவி. இதில் டிவி தருகிற சொற்களை ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சொத்து, வாரிசு, பழி, துரோகம், சதி. மகனுக்குத் தமிழ் என்பது பாட்டியும் பழிவாங்கலும். மகளுக்கு அது கட்டுரை நோட்டுக்குள்ளேயே போய்விட்டது.

இந்த வயிற்றெரிச்சலில் ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டு மாதிரி ஒரு வீட்டை நான் திரையில் அதிகம் பார்த்தது மலாய்க் கார்ட்டூனில். ‘உப்பின் இப்பின்’ 2007-ல் நோன்பு மாதத்துக்காக வந்த சின்ன நிகழ்ச்சி. அம்மா அப்பா இல்லாத இரட்டைப் பையன்கள், அவர்களை வளர்க்கிற பாட்டி ஒப்பா, கண்டிப்பான அக்கா ரோஸ். அவர்கள் இருக்கிற கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) முத்து அங்கிள் கடை வைத்திருக்கிறார், அவர் மகன் ராஜு மாட்டோடு திரிகிறான். தீபாவளி கூட அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டது. அப்பா அம்மா இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் காட்டுகிற குடும்பம், பதினெட்டுப் பேர் இருக்கிற நம் தொடர்களின் பங்களாவில் இல்லை. அந்தப் பையன்கள் கோழிக்கால் சாப்பிட உட்கார்ந்தால் எலும்பு வரைக்கும் சாப்பிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். முத்து அங்கிள் பேச்சைக் கேலியாக்குகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் சில இடத்தில் உறுத்தும். ஆனாலும் ராஜு திரையில் வந்ததும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நம்ம பையன் என்ற நிமிர்வு அது.

நம் தொடர்களுக்கே வருவோம். ‘பாக்கியலட்சுமி’ தொடர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வங்காளத்து ‘ஸ்ரீமோயி’யிலிருந்து. அந்தக் கதையைக் குறை சொல்லவில்லை, அடுப்படியிலேயே கிடந்த ஒரு பெண் தன் சமையலை வைத்தே நிமிர்ந்த கதை. நான் சொல்ல வருவது வேறு. கொல்கத்தாவில் எழுதின வீடு சென்னை வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிடுகிறது. எங்கள் ஊர் வீடு எந்த ஊருக்கும் போவதில்லை. நம் கதையை நாம்தானே சொல்ல வேண்டும் என்றால், உள்ளூரில் எடுக்காமல் இல்லை. வானவில் அலைவரிசையில் வருகிறது, ஆர்.டி.எம்.மில் வருகிறது, சிங்கப்பூர் வசந்தத்திலும் வருகிறது. சிலது நன்றாகவே இருக்கும். ஒரு பையன் “ஏன்லா இப்படி?” என்று நம் பேச்சில் பேசினால் காது குளிரும். ஆனால் நாலாவது நாள் பார்த்தால் அங்கேயும் ஒரு பளிங்கு மாடிப்படி முளைத்துவிடும். படி இருந்தால் யாரையாவது உருட்டத்தானே வேண்டும்?

முடியாதது இல்லை. ஷான்ஜே குமார் பெருமாள் 2015-ல் ‘ஜகாட்’ என்ற படம் எடுத்தார். தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பம், அப்பாவிடம் அடி வாங்கும் பையன், அவனைச் சுற்றி வருகிற கேங். மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது. பிள்ளைகளோடு பார்க்கிற படமா என்றால் இல்லை, சின்னவளுக்குக் காட்ட மாட்டேன். ஆனால் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியிடம் போய், “நீங்க இருந்த லயம் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டான். அன்றைக்கு அத்தை ஒரு தொடரைத் தவறவிட்டார். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மழை பெய்தால் எங்கள் வீட்டில் படம் போய்விடும். ஜோகூரில் சாயங்கால மழைக்குச் சொல்லவா வேண்டும், கூரையில் இருக்கிற தட்டு மூன்று இடி தாங்காது. திரை நீலமாகிவிடும், மகள் பாட்டி மடியில் தலை வைப்பாள், இடது கை எம்.ஜி.ஆர். வருவார். மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, மழை வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற முதல் சந்தாதாரர் நானாகத்தான் இருப்பேன்.

தொடர் எடுக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு காட்சி சொல்கிறேன், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். செடெனாக்கில் ஒரு வீடு. விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போன அப்பா, ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறார். போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம், பாலத்தில் நின்ற நேரம் தனி. மழைச் சட்டையை வாசல் கம்பியில் மாட்டுகிறார். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அம்மா குழம்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைக்கிறாள். பாட்டி அப்பளத்தை நகர்த்திக் கொடுக்கிறார். கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. யாருக்கும் போன் வரவில்லை. தயவுசெய்து அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் கேமராவை எடுக்காதீர்கள்.